ஆறு டாலர்

மேசை மேல் ஒரு பகடையை வைத்தேன்.
ஐந்தாம் வகுப்பு. மழை. போர்ட் லிங்கனின் கடல் உப்பு
ஜன்னல் கண்ணாடியில் திட்டுத் திட்டாய்.
"ஆறு விழ என்ன வாய்ப்பு?"

யாராவது "ஆறில் ஒன்று" என்பார்கள்.
நான் பலகையில் ஒரு கோடு இழுத்து
மேலே ஒன்று, கீழே ஆறு எழுதுவேன்.
பதினேழு வருடமாக இப்படித்தான்.

ஆன்டே கையைக்கூடத் தூக்கவில்லை.
"ஆறு டாலர், மிஸ்.
ஆனா அவ்வளவு தர மாட்டாங்க.
அஞ்சரைதான் வரும்."

யார் தர மாட்டார்கள் என்று கேட்டேன்.
வகுப்பே சிரித்தது,
நான் ஏதோ மழை எங்கிருந்து வருகிறது என்று கேட்டதுபோல.

அந்த அரை டாலர்?
"அது அவங்களுக்கு."

பத்து வயது. அண்ணனின் பழைய ஷூ,
நுனியில் காகிதம் அடைத்தது.
விடை சரி.
சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு
எதைச் சுழிப்பது என்று தெரியாமல் நின்றேன்.

இடைவேளையில் மழை விட்டது.
டெல்லாவும் இன்னும் இரண்டு பேரும் கயிறு தாண்டினார்கள்,
கயிறு தரையில் அறையும்போதெல்லாம் ஒரு சொல்:
பொறுப்போடு
ஆடுங்கள்
எல்லை
வகுத்து
ஆடுங்கள்
பதினெட்டு
நிறைந்தவர்
மட்டும்
'மட்டும்' வரும்போது கால் சிக்கினால் அவுட்.
ஒருத்தியும் ஒரு சொல்லையும் விடவில்லை.
வாய்ப்பாட்டை இப்படி ஒப்பித்திருந்தால்
நான் ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்திருப்பேன்.

அன்றிரவு என் கைபேசியில் இன்னொரு கணக்கு திறந்தேன்.
அவர்கள் சொல்கிற அதே பொய்யைத்
தலைகீழாகச் சொல்லி, வயதைக் குறைத்தேன்.
பதின்மூன்றுக்குக் கீழே போக விடவில்லை.
சரி, பதின்மூன்று.

தொப்பி போட்ட பூனை.
நூடுல்ஸை ஷூவுக்குள் சமைக்கும் ஒருவன்.
நேற்றைய ஆட்டத்தின் கடைசி கோல்.
வாடகைக் காரில் சாய்ந்து ஒரு பையன்,
முகத்தில் இன்னும் பரு ஆறவில்லை,
மூன்று நிமிடத்தில் என் ஒரு மாதச் சம்பளத்தை எண்ணுகிறான்.
அப்புறம் பல் மருத்துவரைப் பற்றி ஒரு ஜோக்.
நல்ல ஜோக். தனியாக இருந்தும் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.
சிரித்து முடித்த பிறகுதான்
மூலையில் எறும்பளவு எழுத்து தெரிந்தது, யார் கொடுத்த ஜோக் என்று.

மறுநாளும் வந்தது அது.
வேறு பல் மருத்துவர்.

வியாழக்கிழமை ஆன்டேயின் அப்பா வந்தார்.
டாமிர், சூரைமீன் பண்ணையில் வேலை,
கைகுலுக்கிய பிறகு என் உள்ளங்கையிலும் டீசல் வாசம்.
"சும்மா பாக்கறான், மிஸ். ஒரு காசு கட்டினதில்ல."
சின்ன நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்.
கவிழ்த்து வைத்த அவர் கைபேசி ஒருமுறை அதிர்ந்தது.
இருவரும் அதைப் பார்த்தோம்.
அவர் புரட்டவில்லை.

எதையாவது பேச வேண்டுமே என்று
பண்ணையில் என்ன வேலை என்று கேட்டேன்.

"சின்னதா இருக்கறப்பவே கடல்ல வளைச்சுப் புடிச்சு,
வலை வளையத்துக்குள்ள விட்டுருவோம்.
தினமும் மத்தி போடுவோம். நாலஞ்சு மாசம்.
அதுவரைக்கும் ஒண்ணையும் தொட மாட்டோம், மிஸ்,
ஊட்டறதோட சரி..."

நிறுத்திக்கொண்டார்.
சுவரில் பிள்ளைகள் வரைந்த கங்காருகள்.
நெடுநேரம் அவற்றில் ஒன்றையே பார்த்தார்.
"நல்லா வரைஞ்சிருக்கு" என்றார்.
எழுந்தபோது நாற்காலி அவரோடு கொஞ்சம் எழுந்து விழுந்தது.

பிள்ளைகளின் திரையிலிருந்து இதை எடுங்கள் என்று
நாடாளுமன்றக் குழுவுக்கு எழுதினேன்.
கயிறு தாண்டியதை எழுதினேன். அரை டாலரை எழுதினேன்.
டாமிரைப் பற்றி எழுதவில்லை.
பதில் வந்தது: தங்கள் மனு கிடைத்தது,
வரிசை எண் இருநூற்றுப் பதினொன்று.

நோட்டுகளைத் திருப்பிக் கொடுக்கும்போது
அந்தத் தாளை ஆன்டே பார்த்துவிட்டான்.
"அவங்க கேப்பாங்களா, மிஸ்? எவ்வளவு?"

"எவ்வளவு என்றால்?"

"டாலர்ல."

தெரியாது என்றேன்.
காத்திருந்தான். நான் வேறொன்றும் சொல்லவில்லை.
அவன் முகம் சுருங்கியது.
தெரியாத ஒன்றுக்கு விலை சொல்லாத ஆளை
அவன் அதுவரை பார்த்ததில்லை.